பீட்டில்ஸ் பெரிதா, பாகவதர் கிராப் பெரிதா?

இசைத்தட்டு (காரைக்குடி)

போன வாரம் பூர்வீக வீட்டில் சாமான்களை இறக்கி ஒழுங்குபடுத்தினோம். மேல்மாடி அறையில் ஒரு தகரப் பெட்டி. அப்பச்சி பினாங்குக் கிட்டங்கியில் இருந்த காலத்தில் வாங்கி வந்த இசைத்தட்டுகள் இருபதுக்கு மேல் அதில் இருந்தன. எல்லாம் பக்திப் பாட்டு, நாடகப் பாட்டு. நடுவில் ஒரே ஒரு உறை மட்டும் கூட்டத்தோடு ஒட்டாமல் நின்றது. கோட்டு சூட்டுப் போட்ட நாலு பையன்கள் இடிந்த சுவரின் மேலிருந்து கையைக் காலை விரித்துக்கொண்டு குதிக்கிறார்கள். பீட்டில்ஸ், அந்த இங்கிலாந்துப் பாட்டுக் குழு! 1963இல் வந்த 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' சின்னத் தட்டு.

படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். சித்தப்பா மகன், "யாரு இவங்க, நாலு பேரும் ஒரே கடையில முடி வெட்டியிருக்காங்க" என்றான். அங்கே தொடங்கிய சண்டை இன்னும் ஆறவில்லை. அதனால் இங்கே கொண்டுவருகிறேன்.

என் கட்சி இது. பாட்டுக் கேட்கிற விதம், முடி, உடை, இளவட்டம் தன்னைத் தனிக் கூட்டமாக எண்ணிக்கொள்வது, எல்லாவற்றையும் ஏழெட்டு வருடத்தில் புரட்டிப் போட்டது இந்த நாலு பேரின் எழுச்சிதான். 1962 அக்டோபரில் முதல் தட்டு. 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்காவில் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்தபோது பார்த்தவர்கள் சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர். அதே வருடம் ஏப்ரல் 4ஆம் தேதி அமெரிக்காவில் பாட்டுகளை வரிசைப்படுத்துகிற பில்போர்டு பட்டியலின் முதல் ஐந்து இடமும் இவர்களுக்கே. என் தகரப் பெட்டிப் பாட்டு அதில் இரண்டாவது. 1970இல் பிரிந்தும் போனார்கள். லிவர்பூல் துறைமுகத்துப் பையன்கள், பாட்டன் சொத்து ஒன்றும் கிடையாது.

மறுக்கிறவர்கள் வரலாம்.

தேவகோட்டை ரஸ்தா

வந்துவிட்டேன் தம்பி.

முதலில் முடியை முடித்துவிடுவோம். எம்.கே. தியாகராஜ பாகவதரைப் பார்த்து நம் ஆட்கள் தோள்வரை முடி வளர்த்தது பீட்டில்ஸ் பிறந்த காலத்துச் சங்கதி. 'பாகவதர் கிராப்' என்று சொன்னால் எந்த ஊர் நாவிதருக்கும் புரியும். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. தொலைக்காட்சி கிடையாது, டிரான்சிஸ்டர் கிடையாது. நாடக மேடையும் கிராமபோன் குழாயும் டூரிங் கொட்டகையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இத்தனையும் செய்தார். இதை யாரும் 'உலகப் பண்பாட்டுப் புரட்சி' என்று எழுதவில்லை, ஏனென்றால் அது இங்கிலீஷில் நடக்கவில்லை.

இரண்டாவது, காற்றுள்ளபோது தூற்றிக்கொண்டவர்களைப் பார்த்து 'காற்றை உண்டாக்கியவர்கள்' என்கிறீர்கள். இங்கிலாந்தில் வயதுக்கு வந்த ஆண்பிள்ளை கட்டாயம் இரண்டு வருடம் பட்டாளத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. 1939 அக்டோபருக்குப் பிறகு பிறந்தவர்களைக் கூப்பிடவில்லை, 1960இல் ஆள் எடுப்பதையே நிறுத்தினார்கள். ஜான் லெனானும் ரிங்கோவும் 1940இல் பிறந்தவர்கள், மற்ற இருவரும் அவர்களுக்கும் இளையவர்கள். நாலு வருடம் முன்னால் பிறந்திருந்தால் ஆளுக்கொரு முகாமில் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டிருப்பார்கள். அப்புறம், போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் அங்கே பதினாறு வயதிலேயே சம்பளம் வாங்கினார்கள். கையில் காசு, வீட்டில் டி.வி., சட்டைப் பையில் ரேடியோ. இந்த நாலு பேர் வராவிட்டால் வேறு நாலு பேர்.

இசைத்தட்டு (காரைக்குடி)

'வேறு நாலு பேர்' என்று நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன் அண்ணே. அந்த வேறு நாலு பேர் உண்மையிலேயே இருந்தார்கள்.

ஜெர்ரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ். அதே லிவர்பூல், அதே துறைமுகம், அதே ஹாம்பர்க் இரவு விடுதிகள். மேனேஜர் அதே பிரையன் எப்ஸ்டைன். ஒலிப்பதிவு செய்தவர் அதே ஜார்ஜ் மார்ட்டின். அதே 1963. பட்டாளச் சட்டமும் டி.வி.யும் இரண்டு கூட்டத்துக்கும் பொது. ஜெர்ரி குழுவின் முதல் மூன்று தட்டும் பிரிட்டனில் முதலிடம். பீட்டில்ஸுக்கே அந்தக் கொடுப்பினை இல்லை, அவர்கள் முதல் தட்டு பதினேழாம் இடத்தோடு நின்றது.

வேடிக்கை என்னவென்றால், ஜெர்ரிக்கு முதலிடம் வாங்கிக்கொடுத்த முதல் பாட்டை ஜார்ஜ் மார்ட்டின் முதலில் பீட்டில்ஸிடம்தான் கொடுத்தார். வெளியாள் எழுதிய பாட்டு. ஒலிப்பதிவும் செய்தார்கள். "இது வேண்டாம், நாங்கள் எழுதியதைத்தான் போடுவோம்" என்று நின்றுவிட்டார்கள். இன்னும் பெயர் எடுக்காத பையன்கள், டெக்கா கம்பெனி துரத்திவிட்டு ஒரு வருடம்கூட ஆகாதவர்கள், கிடைத்த கம்பெனியிடம் இப்படிப் பேசுகிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் ஜெர்ரி குழு மங்கிப்போனது. காற்று ஒன்றுதானே அண்ணே? ஒரு மூட்டை ஏன் பதரானது?

தேவகோட்டை ரஸ்தா

ஜெர்ரி விஷயம் எனக்குப் புதிது. இன்று ராத்திரி யோசிக்கிறேன். தோற்றுவிட்டேன் என்று அர்த்தமில்லை.

பள்ளத்தூர் மைக்செட்

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வருகிறேன். முப்பது வருடமாகத் திருவிழாவுக்கு மைக் செட் போடுகிறவன். பாட்டின் பெருமை எனக்கு அவ்வளவாகத் தெரியாது, சத்தத்தின் பெருமை தெரியும்.

1965 ஆகஸ்ட் 15, நியூயார்க் ஷே ஸ்டேடியம். கூட்டம் 55,600. இவர்களுடைய கிட்டாருக்கு வாக்ஸ் கம்பெனி ஆம்ப்ளிஃபயர், ஒவ்வொன்றும் நூறு வாட். பாடுகிற குரலுக்கு? பேஸ்பால் ஆட்டத்துக்கு அறிவிப்புச் சொல்கிற ஸ்டேடியத்து ஸ்பீக்கர். அவ்வளவுதான். மேடையில் நிற்கிறவன் தன் குரலைத் தானே கேட்க மானிட்டர் வைப்பார்களே, அந்தப் பழக்கமே அப்போது வரவில்லை. ஐம்பத்தைந்தாயிரம் பேர் வாய் மூடாமல் கத்துகிறார்கள். டிரம்ஸ் வாசித்த ரிங்கோ, முன்னால் நிற்கிறவர்கள் தலையும் இடுப்பும் ஆடுவதைப் பார்த்துத்தான் பாட்டில் எங்கே இருக்கிறோம் என்று பிடித்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு பாட்டு, அரை மணி நேரம், இறங்கிப் போய்விட்டார்கள்.

கொப்புடையம்மன் திருவிழாவில் இந்த செட்டைப் போட்டால் என்னை அடிக்க வருவார்கள். கடலைக்காரர் பாடுவது பாட்டுக்காரரைவிடத் தெளிவாகக் கேட்கும்.

நான் சொல்ல வந்தது இது. கூட்டம் வளர்ந்த வேகத்துக்குச் சாமான் வளரவில்லை. இன்றைக்கு நாங்கள் லாரியில் ஏற்றிப்போகிற மானிட்டர், மிக்ஸர், அடுக்கு ஸ்பீக்கர் எல்லாம் அந்த மாதிரிக் கூட்டங்களுக்கு ஈடுகொடுக்கப் பிறந்தவை. இவர்களே ஒரு கட்டத்தில் வெறுத்துப்போய், 1966 ஆகஸ்டில் சான்ஃபிரான்சிஸ்கோவோடு ஊர் ஊராகக் கச்சேரி செய்வதை விட்டுவிட்டு ஸ்டூடியோவுக்குள் போனார்கள். அங்கே செய்ததுதான் எனக்கு ஆச்சரியம். 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' பாட்டை இரண்டு விதமாகப் பதிவு செய்தார்கள். ஒன்று ஒரு கட்டை, இன்னொன்று வேறு கட்டை. தாளமும் வேறு வேகம். லெனான், "முதல் பாதி இதில் வேண்டும், மீதி அதில் வேண்டும்" என்கிறார். ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளரும் ஒரு டேப்பைக் கொஞ்சம் வேகமாக ஓட்டி, இன்னொன்றை மெதுவாக ஓட்டி, சுதியைச் சேர்த்து, வெட்டி ஒட்டினார்கள். பாட்டு தொடங்கி ஒரு நிமிடம் போல் ஆனதும் அந்த ஒட்டு வருகிறது. ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள், காற்று மாறினமாதிரி இருக்கும். கம்ப்யூட்டர் இல்லாமல், பிளேடும் டேப்பும் வைத்துச் செய்த வேலை.

பினாங்குப் பேத்தி

வணக்கம். ஐயா பள்ளத்தூர், நான் பிறந்தது பினாங்கு, இப்போது இருப்பது கானாடுகாத்தான். இங்கே எழுதியவர்கள் எல்லாம் மேனேஜர், சட்டம், ஸ்பீக்கர் என்று பேசினீர்கள். அந்த ஸ்டேடியத்தில் கத்தியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரும்பாலும் பதினாலு பதினைந்து வயதுப் பெண்பிள்ளைகள்.

இசையைப் பற்றி எழுதுகிற ஆண்கள் இன்றுவரை அந்தப் பெண்களை ஒரு தொந்தரவாகத்தான் எழுதுகிறார்கள். "கத்தி கத்திப் பாட்டைக் கேட்க விடவில்லை." ஆனால் 1963இல் தட்டு வாங்கியவர்கள் அவர்கள். ரசிகர் மன்றத்துக்குக் கடிதம் எழுதியவர்கள் அவர்கள். வளர்ந்த விமர்சகர்கள் எல்லாம் 'ஆறு மாதத்தில் அடங்கிவிடும்' என்று சொன்னபோது சரியாகக் கணித்தவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். ஒரு பெண் பொது இடத்தில் தொண்டை கிழியக் கத்துவதும் அதை யாரும் தடுக்க முடியாமல் போவதும் 1963க்கு முன் எத்தனை முறை நடந்திருக்கும்? பாகவதரைப் பார்த்து உருகிய ஆச்சிகளும் இருந்திருப்பார்கள், ரஸ்தா அண்ணே. கொட்டகையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். கத்தவில்லை.

இன்னொன்று. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் 1960களின் நடுவில் மலாய்ப் பையன்கள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு குழுக் குழுவாகக் கிளம்பினார்கள். அந்த இசைக்கே 'பாப் யே யே' என்று பெயர் வந்தது, பீட்டில்ஸ் பாட்டில் வருகிற 'யே யே'யில் இருந்து. மலாய்ப் பாடகர் பி. ராம்லியின் மெல்லிய பாட்டுகளில் ஊறிக்கிடந்த ஊர் அது. ஒரு கூச்சல் ஒரு மொழியின் இசைவகைக்கே பெயராகிவிட்டது. முடி வேறு பெரிய வழக்கானது. 1970களில் சிங்கப்பூர் அரசு அலுவலகங்களில் 'நீளமுடி வைத்த ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம்' என்று படம் போட்டு அறிவிப்பு ஒட்டினார்கள். எங்கள் ஐயா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வழுக்கைத் தலை, எப்போதும் அவருக்கு முதல் வரிசை.

தேவகோட்டை ரஸ்தா

ஆச்சி, பெண்பிள்ளைகள் விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன். எங்கள் வீட்டில் அக்கா தங்கைகளை ரேடியோப் பெட்டி பக்கமே விட்டதில்லை. நியூஸ் கேட்கிற சாக்கில் அப்பச்சி அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

ராத்திரி யோசித்தேன். ஜெர்ரிக்குப் பதில் கிடைக்கவில்லை, அதனால் வேறு பக்கம் திரும்புகிறேன். தகரப் பெட்டியில் கிடைத்த தட்டையே எடுத்துக்கொள்வோம். 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' யாருடைய பாட்டு? பீட்டில்ஸ் எழுதியதா? இல்லை. 1962இல் ஐஸ்லி பிரதர்ஸ் பாடிப் பிரபலமாக்கியது. அமெரிக்கக் கறுப்பினச் சகோதரர்கள். அந்த 'ஆ... ஆ...' என்று படிப்படியாக ஏறுவதுகூட அவர்கள் ஏற்றிய படிதான். சக் பெரி, லிட்டில் ரிச்சர்ட் என்று மற்றக் கறுப்பினப் பாடகர்களையும் பார்த்துக்கொண்டே போனால் இவர்களுடைய ஆரம்பகாலக் கடை முழுக்க அடுத்தவர் சரக்கு. கறுப்பர் பாடினால் 'இனப் பாட்டு' என்று ஒதுக்கிய அமெரிக்க வீட்டுக்குள் வெள்ளைக்காரப் பையன்கள் அதையே கொண்டுபோய்ப் பாடினார்கள். இதைத்தான் நாம் 'எழுச்சி' என்று கொண்டாடுகிறோம்.

வியாபாரத்திலாவது கெட்டியா என்றால் அதுவும் இல்லை. விக், பொம்மை, பேட்ஜ் என்று இவர்கள் பெயர் போட்டு விற்ற சாமான்களுக்கு ஒப்பந்தம் போட்டார்களே, வந்த லாபத்தில் நடத்துகிறவனுக்கு 90, இவர்களுக்கு 10! நம் கடையில் ஒரு பெட்டியடிப் பையனிடம் அந்தப் பத்திரத்தை நீட்டியிருந்தால்கூட "மேலாளைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து போயிருப்பான்.

இசைத்தட்டு (காரைக்குடி)

90க்கு 10 பற்றி ஒன்றும் பேசுவதற்கில்லை. படிக்கும்போது எனக்கே வயிறு எரிந்தது. பின்னால் பேசிப் பங்கை ஏற்றிக்கொண்டார்கள், ஆனால் போனது போனதுதான்.

ஐஸ்லி பிரதர்ஸ் விஷயம் சரி. ஆனால் இரண்டைச் சேர்த்துப் பாருங்கள். ஒன்று, இவர்கள் மறைக்கவில்லை. எங்கே போனாலும் சக் பெரி பெயரையும் லிட்டில் ரிச்சர்ட் பெயரையும் சொல்லிக்கொண்டே போனார்கள். இரண்டு, 1964 செப்டம்பர் 11, ஃபுளோரிடாவில் ஜாக்சன்வில். கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து உட்கார வைத்தால் வாசிக்க மாட்டோம் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். பிரிக்காமல் உட்கார வைத்த பிறகுதான் மேடை ஏறினார்கள். புகழ் வந்த பிறகு வாயைத் திறப்பது அவ்வளவு லேசில்லை அண்ணே, விற்பனை அடிபடும்.

அந்தத் தட்டைப் பற்றி ஒரு சங்கதி. 1963 பிப்ரவரி 11ஆம் தேதி ஒரே நாளில் பத்துப் பாட்டு ஒலிப்பதிவு. லெனானுக்குச் சளி. இந்தப் பாட்டு தொண்டையைக் கிழித்துவிடும் என்று தெரிந்து கடைசிக்கு வைத்தார்கள். காலையில் இருந்து இருமல் மாத்திரையும் பாலும் குடித்துக்கொண்டிருந்த மனிதர், இரவு பத்து மணிக்கு மேல் ஒரே மூச்சில் பாடி முடித்தார். இரண்டாம் தடவை முயன்றபோது குரல் இல்லை. அந்த முதல் தடவைதான் தட்டில் இருப்பது. அடுத்தவர் சரக்கு என்றே இருக்கட்டும், தொண்டை சொந்தமல்லவா.

குன்றக்குடி வாத்தியார்

நான் ஓய்வுபெற்ற பிறகு இந்த மாதிரிச் சண்டைகளைப் படிக்கத்தான் நேரம் கிடைத்திருக்கிறது. இரண்டு பேரும் ஒரு ஆளைச் சரியாகக் கவனிக்காமல் போகிறீர்கள். பிரையன் எப்ஸ்டைன். அவர் இசைக்காரர் அல்ல. குடும்பத்துக்கு மரச்சாமான் கடை, அதோடு சேர்ந்த இசைத்தட்டுக் கடையை இவர் பார்த்துக்கொண்டார். 1961 நவம்பரில் கேவர்ன் என்கிற நிலவறை விடுதியில் போய்ப் பார்க்கிறார். தோல் சட்டை, மேடையில் தின்பது, குடிப்பது, ஒருவரை ஒருவர் கேலி பேசுவது. அதையெல்லாம் மாற்றிக் கோட்டுப் போடவைத்து, பாட்டு முடிந்ததும் நாலு பேரும் சேர்ந்து குனிந்து வணங்கவைத்தார். கவுண்டரில் நின்று வாடிக்கையாளர் எதைக் கேட்டு வருகிறார் என்று பார்த்துப் பழகியவனுக்கு வருகிற கண் அது.

இது எங்கேயோ கேட்டமாதிரி இல்லையா? காரைக்குடியில் ஏ.வி. அண்ட் சன்ஸ் என்று ஒரு கடை. கிராமபோன் தட்டும் விற்றார்கள். அப்பாவின் கடையில் நின்ற பிள்ளை, விற்பதைவிட நாமே தட்டுப் போட்டால் என்ன என்று சென்னைக்குப் போனார். அவர்தான் ஏ.வி. மெய்யப்பன். போர்க்காலத்தில் இதே காரைக்குடியில், ரஸ்தா அண்ணன் பெயர் வைத்திருக்கிற தேவகோட்டை ரஸ்தாவில், கீற்றுக் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். 'நாம் இருவர்' 1947இல் அங்கிருந்துதான் வந்தது. வெகுசன ரசனை எந்தப் பக்கம் சாய்கிறது என்று முதலில் தெரிகிற இடம் கடைக் கல்லா. லிவர்பூலிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான்.

ஆனால் தமிழ்நாட்டில் பீட்டில்ஸ் தாக்கம் என்று யாராவது பெரிதாகப் பேசினால் எனக்குச் சந்தேகம். அவர்கள் அமெரிக்கா போன அதே 1964 பிப்ரவரியில்தான் 'காதலிக்க நேரமில்லை' வெளியானது. விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையில் மேல்நாட்டுத் துள்ளல் அதில் ஏற்கெனவே துள்ளிக்கொண்டிருக்கிறது. எழுதியவர் நம் சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன். யாருக்கும் பீட்டில்ஸ் தேவைப்படவில்லை. அதோடு, நாலு பேர் சேர்ந்து ஒரே பெயரில் புகழ் பெறுவது என்பது நம் ஊரில் வேர் பிடிக்கவே இல்லை. நமக்குப் புகழ் என்றால் ஒரு ஆள்: பாடகர், நடிகர், இசையமைப்பாளர். நால்வர் என்றால் தேவாரமும் திருவாசகமும்தான் ஞாபகம் வரும்.

தேவகோட்டை ரஸ்தா

வாத்தியார் ஐயா வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். இதைத்தான் நான் முதலில் இருந்து சொல்ல முயல்கிறேன்.

நம் வீடுகளைப் பாருங்கள். தூண் பர்மா தேக்கு, தரை இத்தாலிப் பளிங்கு, கண்ணாடி பெல்ஜியம். ஆனால் முகப்பும் பட்டாலையும் இரண்டாங்கட்டும் நம்முடையவை. கல்யாணமும் படைப்பும் அங்கேதான் நடக்கிறது. 'இந்த வீட்டைக் கட்டியது ரங்கூன்' என்று யாராவது சொல்வார்களா? சினிமாப் பாட்டில் கிட்டார் கேட்கிறது என்பதற்காக லிவர்பூலுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை.

இசைத்தட்டு (காரைக்குடி)

தேக்கை எடுத்துவிட்டால் மேல்மாடி நிற்காதே அண்ணே. சரி, நேரடியாகக் கேட்கிறேன். 1970களில் நீங்கள் முடி வளர்த்தீர்களா இல்லையா?

தேவகோட்டை ரஸ்தா

இதை யார் உங்களுக்குச் சொன்னது?

வளர்த்தேன். 1974. ஹிப்பிக் கிராப், காதை மூடி, சட்டைக் காலரைத் தொடும். தெருவைக் கூட்டுகிற மாதிரி பெல்பாட்டம். கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வந்து இறங்கினேன். அப்பச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை. "உள்ளே போ, ஆத்தா காப்பி தருவாள்" என்றார். காப்பி குடித்துவிட்டு வெளியே வந்தால் திண்ணையில் மனைப்பலகை போட்டிருக்கிறது, பக்கத்தில் நாவிதர் கத்திரியோடு நிற்கிறார். எதிர்வீட்டுத் திண்ணையில் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். பத்து நிமிடத்தில் முடிந்தது. ஆத்தங்குடிக் கல் தரை முழுக்க என் முடி. ஆத்தா விளக்குமாற்றால் கூட்டும்போது, "அழகாத்தான்டா இருந்துச்சு" என்று மெதுவாகச் சொன்னாள். அதை இன்னும் மறக்கவில்லை.

ஆனால் கேளுங்கள். நான் பீட்டில்ஸைப் பார்த்து வளர்க்கவில்லை. அவர்கள் பெயரே எனக்கு அப்போது சரியாகத் தெரியாது. சினிமாக்காரர்களைப் பார்த்து வளர்த்தேன்.

பினாங்குப் பேத்தி

சினிமாக்காரர்கள் யாரைப் பார்த்து வளர்த்தார்கள் அண்ணே? பாகவதரைப் பார்த்தா? இடையில் 1950களில் நம் கதாநாயகர்கள் எல்லாம் எண்ணெய் வைத்து ஒட்ட வாரி ஏற்றிச் சீவினவர்கள். பாகவதர் கிராப்பு ஒழிந்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. நீங்கள் வைத்திருந்ததை 'ஹிப்பி' என்றுதான் ஊரே சொன்னது, நீங்களும் இப்போது அப்படித்தான் எழுதுகிறீர்கள். யார் என்றே தெரியாமல் ஒருவரைப் பின்பற்றி, அதற்காகத் திண்ணையில் உட்கார்ந்து தண்டனையும் வாங்கியிருக்கிறீர்கள். இதற்கு மேல் தாக்கம் என்று எதைச் சொல்வது?

தேவகோட்டை ரஸ்தா

ஹிப்பி வேறு, பீட்டில்ஸ் வேறு என்று வாதாடலாம். 1968இல் இவர்கள் ரிஷிகேசத்துக்குத் தியானம் படிக்க வந்த பிறகு அது எடுபடாது என்றும் தெரிகிறது. பாதி ஒப்புக்கொள்கிறேன், முடியில் மட்டும். இசையில் இல்லை.

குன்றக்குடி வாத்தியார்

ரிஷிகேசம் என்றதும் ஒரு குறை. 1966 ஜூலையில் மணிலாவில் அடிபடாத குறையாகத் தப்பித்து டெல்லி வந்து இறங்கினார்கள், ஜார்ஜ் ஹாரிசன் அங்கே சிதார் வாங்கினார். ரவிசங்கரிடம் படித்தார். மேல்நாடு முழுக்க 'இந்திய இசை' என்றால் சிதார் என்று நின்றுவிட்டது. அதே 1966 அக்டோபரில் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐ.நா. சபையில் பாடினார். அதைப் பார்த்து எந்த கிட்டார்காரரும் வீணை வாங்கக் கிளம்பவில்லை. புகழ் ஒரு பக்கம் வெளிச்சம் போட்டால் அடுத்த அறை இருட்டாகத்தான் இருக்கிறது. ஆனாலும் 1971 ஆகஸ்டில் வங்காள தேச அகதிகளுக்காக ஹாரிசனும் ரவிசங்கரும் நியூயார்க்கில் நடத்திய கச்சேரிக்கு நான் வணக்கம் வைப்பேன். இன்று ஒவ்வொரு பேரிடருக்கும் பாட்டுக்காரர்கள் மேடை போடுகிறார்களே, அதற்கு முன்மாதிரி அது.

பள்ளத்தூர் மைக்செட்

சண்டை நல்லபடியாகப் போகிறது. எனக்கு ஒரே ஒரு கேள்வி. பத்து நாளாக எல்லாரும் அந்தத் தட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள், யாராவது போட்டுக் கேட்டீர்களா? என்னிடம் 45 வேகத்தில் ஓடுகிற பிளேயர் இருக்கிறது, முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடையில் வாங்கியது. புது ஊசி போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள். அதற்கு முன் உறையில் இருந்து எடுத்து, கீறல் இருக்கிறதா, நடுவில் லேபிளில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் போட்டுத் துடைத்துவிடாதீர்கள்.

இசைத்தட்டு (காரைக்குடி)

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இத்தனை நாள் உறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் தட்டை வெளியே எடுத்தேன்.

லேபிளில் தமிழ் எழுத்து. சீர்காழி கோவிந்தராஜன். முருகன் பாட்டு.

அயித்தைக்குப் போன் போட்டேன். அப்பச்சியின் கடைசித் தங்கை, எழுபத்தேழு வயது, கோயம்புத்தூரில் இருக்கிறார். கேள்வியை முடிப்பதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். 1965இல் மதுரையில் ஹாஸ்டலில் சேர்த்தார்களாம். பெட்டியைக் கட்டும்போது அவர் ஆத்தா ஒவ்வொரு சாமானாகப் பார்த்துத்தான் உள்ளே வைக்க விட்டார். இவர் முதல்நாளே இரண்டு தட்டையும் உறை மாற்றி வைத்துவிட்டு, முருகன் படத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாராம். "ஆத்தா அதை வாங்கிக் கண்ணில் ஒத்திக்கிட்டுப் பெட்டியில் வெச்சா" என்கிறார்.

அந்தத் தட்டு இப்போது எங்கே என்று கேட்டேன். ஹாஸ்டலில் ஒரு தோழி வாங்கிக்கொண்டு போனாளாம், திரும்பி வரவில்லையாம்.

தேவகோட்டை ரஸ்தா

ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். சீர்காழியைக் கேட்க.

பள்ளத்தூர் மைக்செட்

வாருங்கள் செட்டியாரே. ஒலிபெருக்கி வேண்டுமா, அறைக்குள் போதுமா?

பினாங்குப் பேத்தி

அண்ணே, அயித்தையிடம் எந்த ஹாஸ்டல் என்று கேட்டுச் சொல்லுங்கள். அந்தத் தோழி பெயரும்.